பூக்கும்வரை சரக்கு வேண்டாம்

என் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இவர்களுக்கு இப்போது என்னிடம் என்ன வேலை என்பதுதான். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுக்கொரு சமோசா. அதன்பிறகு ஒரு தீபாவளி வாழ்த்துகூட வந்ததில்லை. இப்போது திடீரென்று ஹரிணி என்ற பெண் தேனாகப் பேசுகிறாள். என் நாற்காலியில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்."

"எதுக்கு?"

"சும்மாதான் மேடம்."

சும்மா என்ற சொல்லை நம்பி நான் எந்தக் காரியமும் செய்ததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஹரிணிக்காக இல்லை, எனக்காக. எழுதும்போதே அவள் எதற்குக் கேட்டாள் என்பதும் வெளியே வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மூலிகைத் தலை எண்ணெய் காய்ச்சும் கம்பெனி ஒன்றில். தாவரவியல் படித்துவிட்டு ஆசிரியை வேலை கிடைக்காமல் அங்கே போனேன். கேட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பச்சை மூலிகையைப் பார்த்து, "இது அதுதான்" என்றோ "இது அது இல்லை" என்றோ சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்கா சம்பளம் என்று என் மாமியார் கேட்டார். முதல் மாதம் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

எங்களுக்கு அதிகம் வந்தது கரிசலாங்கண்ணி. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சூரியகாந்தி எங்கே, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத இந்த வெள்ளைப் பூ எங்கே! ஆனால் அந்தப் பொத்தானைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். ஓரத்தில் மெல்லிய வெள்ளை இதழ்கள், நடுவில் நெருக்கியடித்துக் குட்டிப் பூக்கள். தண்டு சிவந்திருக்கும். இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாதது போல் தண்டோடு ஒட்டியிருக்கும். தடவினால் சொரசொரக்கும். கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கருத்துப் போகும். இத்தனை அடையாளம் இருந்தும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டுதான் இருந்தார்கள். இதன் சொந்தக்காரச் செடிகள் அப்படி. தெருவோரத்து வெட்டுக்காயப் பூண்டு ஒன்று. அபார்ட்மெண்ட் சுவரோரம் அழகுக்குப் படரவிடுகிற மஞ்சள் டெய்சி இன்னொன்று. நர்சரிக்காரர்களே அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கிப் போகிறவர்கள் துவையல் அரைக்கிறார்கள். நல்லவேளையாக அவர்கள் வீட்டில் நான் சாப்பிடுவதில்லை.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் கோதண்டம் சார். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் நாலாக மடித்த கைக்குட்டை. "சரி" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே அபூர்வம். எதைக் காட்டினாலும் "பார்க்கலாம்" என்பார். ஆபீஸில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதும் வாங்கிப் படித்துவிட்டு அதையேதான் சொன்னார்.

சரக்குக் கொண்டு வருகிறவர்களை அவர் நிற்க வைத்துக் கேள்வி கேட்க மாட்டார். உட்கார வைத்து டீ சொல்லி, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, திருவேற்காடு கோயிலில் கூட்டம் எப்படி என்று பேசி, நடுவில் போகிற போக்கில் "இது எங்கே பறிச்சது?" என்பார். பதிலுக்குத் தலையாட்டுவார். டீ முடிந்து அந்த ஆள் எழுந்திருக்கும்போது, மறந்துவிட்டவர் போல அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் குங்குமப் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். பக்தியோடு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்ட கோதண்டம் சார், அவர் போனதும் என்னிடம், "இன்னிக்கு ஏம்மா குங்குமம்? மூட்டையைக் கொட்டிப் பாரு" என்றார். கொட்டினோம். பாதி வெட்டுக்காயப் பூண்டு.

அவர் பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், ஹரிணி கேட்டதற்காக. மூட்டையின் மேலே இருப்பதைத் தொடவே கூடாது. கையை உள்ளே விட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். வெள்ளை டைல்ஸ் மேல் ஒவ்வொரு தண்டாகப் பரப்ப வேண்டும். முதலில் தண்டின் நிறம், பிறகு இலை தண்டோடு சேரும் இடம், பிறகு பூ. கடைசியில்தான் கசக்கிப் பார்ப்பது. அதையும் இடது உள்ளங்கையில்தான் கசக்குவார். ஜன்னலோரம் போய் நின்று கையை விரித்து வைத்துக்கொண்டு, கருக்கும்வரை யாரோடும் பேச மாட்டார். கருத்ததும் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். அந்தக் கைக்குட்டை எத்தனை வெளுத்தாலும் வெள்ளையானதில்லை. "பூ இல்லாம பேர் சொல்லாதே வத்சலா. இலை நடிக்கும், பூ நடிக்காது" என்பார். பூவிலேயே என்னை ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு, அது வேறு கதை.

எங்களுக்கு முக்கியமாக இரண்டு பேர் கரிசலாங்கண்ணி கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜெயபால். சொந்தமாக மினி வேன் வைத்திருந்தார். வேனை விட்டு இறங்கும்போதே, "ஏரிக்கரை சரக்கு சார், கைய வச்சாலே கருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வருவார். சொன்னபடி கருக்கவும் செய்யும். இன்னொருவர் கள்ளிக்குப்பம் கன்னியம்மா. அந்தக் காலத்தில் அங்கே நிலம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி விற்றுத் தீர்ந்த பிறகும் அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஷேர் ஆட்டோவில் இரண்டு சாக்கோடு வந்து இறங்குவார். அதுவும் ஏரிக்கரைச் சரக்குதான். எங்கள் எண்ணெய் பாட்டிலில் ஏரியும் கரையும் படமாக இருக்கும், "ஏரிக்கரையில் இயற்கையாக விளைந்தது" என்று அச்சிட்டிருக்கும். அதனால் ஏரிக்கரை என்று சொல்கிறவர்களிடம் மட்டும்தான் கம்பெனி வாங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை கன்னியம்மா கொண்டு வந்த சாக்கைப் பிரித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. தண்டில் சிவப்பே இல்லை, பச்சைப் பசேல் என்று கணுவுக்குக் கணு நீண்டு கிடந்தது. இலை அகலமாக, மெத்தென்று இருந்தது. தடவினால் சொரசொரப்பு தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை. கசக்கினேன். ஜன்னலோரம் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், கை பாசி நிறத்துக்கு மேல் போகவில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது முகப்பேரில் எங்கள் பிளாக் சுவரோரம் படர்ந்து கிடக்கும் மஞ்சள் டெய்சி. நிழலில் வளர்ந்தால் அதன் இலையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காசில்லாமல் கிடைக்கிற சரக்கு, அறுத்துக் கொடுத்தால் அசோசியேஷன் செக்ரட்டரியே நன்றி சொல்லுவார்.

"கன்னியம்மா, இது எங்கே பறிச்சது?"

"ஏரிக்கரைலதான். வேற எங்க பறிப்பாங்க?"

டீ குடித்து முடித்த பிறகு கோதண்டம் சார் கேட்டார். அப்போதும் "ஏரிக்கரைலதான் சார்" என்றார். ஆனால் இந்த முறை டம்ளரைப் பார்த்துச் சொன்னார். அதை நானும் கவனித்தேன், அவரும் கவனித்தார்.

"இதுல என்னமோ கலந்திருக்குன்னு தோணுதும்மா" என்றார் அவர்.

"இன்னா சார், என்னியப் பாத்தா கலக்கறவளாட்டம் கீதா? இத்தினி வருசமா வந்துகினு கீறேன்."

"பூ எங்கே?"

"இன்னும் பூக்கல."

"அப்போ பூக்கிற வரைக்கும் சரக்கு வேண்டாம்" என்றார் கோதண்டம் சார்.

கன்னியம்மா சத்தம் போடவில்லை. சாக்கைக் கட்டியபடி என் பக்கம் திரும்பி, "இந்த சாக்கு ஒண்ணுதாம்மா என் கைல கீற வேல. இதுவும் போச்சின்னா அந்த ஊட்ல மருமவ கிட்ட சோத்துக்குக் கைய நீட்டிகினு நிக்கணும்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காகச் செடி வேறாகிவிடுமா? இப்படிச் சொன்னால் நான் இளகுவேன் என்று தெரிந்துதான் சொல்கிறாரோ என்றும் தோன்றியது.

வேரோடு வந்திருந்த நாலைந்து தண்டுகளை எடுத்துத் தொட்டியில் நட்டேன். தொட்டியைக் கம்பெனியில் வைக்க மனமில்லை. வாட்ச்மேன் ஜெயபாலோடு சேர்ந்து டீ குடிக்கிறவர், கன்னியம்மாவுக்கும் கேட்டுக்குள் வரப் போகத் தெரியும். யார் எதைப் பிடுங்கி எதை நடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து பால்கனியில் வெயில் விழும் மூலையில் வைத்தேன். மண்ணும் மணலும் கலந்து, ஈரம் காயாமல், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டேன். எரு போடவில்லை. கொழுத்தால் செடி பூக்க மறந்துவிடும்.

எதிர் வீட்டு நித்யா அப்போதுதான் கல்யாணமாகி சேலத்திலிருந்து வந்திருந்தாள், ஐ.டி. கம்பெனியில் வேலை. "ஆன்ட்டி, தலைக்கு நல்லதாமே, ரெண்டு இலை குடுங்களேன்" என்றாள். மாட்டேன் என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்து என் கணவர், "ரெண்டு இலைக்கு ஒரு பொண்ணையே சந்தேகப்படுறியே, என்னைக் கட்டிக்கிட்டபோது இந்தப் புத்தி எங்கே போச்சு?" என்று சிரித்தார். அப்போது எனக்கு அனுபவம் போதாது என்றேன்.

கன்னியம்மா சாக்கு இல்லாமல் வெறுங்கையோடு வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்டுக்கு வந்தார். உள்ளே வர மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, பூ வந்துச்சா?" என்பார். இல்லை என்றால், "வெள்ளப் பூவுதான் பூக்கும், பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொய் சொல்கிறவர் வாராவாரம் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு இதைக் கேட்க வருவாரா? வருவார், கெட்டிக்காரராக இருந்தால். எனக்கு இரண்டும் மாறி மாறித் தோன்றியது, தூக்கம் கெட்டது.

பால்கனி வெயிலில் செடி மெல்ல மாறியது. புதிதாக வந்த இலைகள் குறுகின, சொரசொரத்தன. தண்டில் சிவப்பு ஏறியது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன், இலை இடுக்கில் வெள்ளைப் பொத்தான்! பிரஷோடு கத்திவிட்டேன். என் சந்தேகம் தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தொட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன். கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றி, பூவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கரிசலாங்கண்ணிதான்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "செடி சரின்னா அந்தம்மா ஏன் டம்ளரைப் பார்த்துப் பேசிச்சு? இந்தச் செடி ஏரிக்கரையில வளர்ந்த செடி இல்ல வத்சலா. வா, போகலாம்" என்று எழுந்தார்.

கள்ளிக்குப்பத்தில் கன்னியம்மா வீட்டுப் பின்புறம் போய் நின்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. முருங்கை மர நிழலில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நீளமாகப் பாத்தி கட்டி வரிசை வரிசையாகக் கரிசலாங்கண்ணி. கீரைப் பாத்தி எப்படியோ அப்படியே போட்டிருந்தார். தொழு உரம், வேளாவேளைக்குத் தண்ணீர். பூ விட்டால் கீரை முற்றிப் போகும் என்று, இளசாக இருக்கும்போதே அறுத்துவிடுகிறார். தலைமுறை தலைமுறையாகக் கீரை போட்ட கை வேறு எப்படிச் செய்யும்? அதனால்தான் சிவப்பு இல்லை, பூ இல்லை, கருப்பும் ஏறவில்லை.

"ஏம்மா பொய் சொன்னே?" என்றார் கோதண்டம் சார்.

"தோட்டத்துதுன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா சார்? பட்டாபிராமத்துலேர்ந்து ஒர்த்தர் வந்தாரே, தோட்டத்துதுன்னு உண்மைய சொன்னாரு. கேட்டோட தொரத்தி உட்டீங்க."

அது நடந்தது உண்மைதான். "சரி, ஏரிக்கு என்ன ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

கன்னியம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். பாதத்திலிருந்து மேலே வரை திட்டுத் திட்டாகப் புண், ஆறியும் ஆறாமலும். "அந்தத் தண்ணில நின்னு பறிச்சதுக்கு இது. கால்ல பட்டதே இப்பிடின்னா, அதுல மொளச்சத காச்சித் தலைல தேச்சிக்கினா இன்னாவும்? என் பேத்திக்கும் மருமவ உங்க எண்ணெதான் தேய்க்கிறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயபாலு பறிக்கிற எடத்த ஒருவாட்டி போய்ப் பாருங்க" என்றார்.

பொறாமையில் மாட்டிவிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கோதண்டம் சாரும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஆனாலும் ஆட்டோவை ஏரிப் பக்கம் விடச் சொன்னார்.

கரையின் ஒரு மூலையில் எங்கிருந்தோ வந்த பெரிய குழாய் ஒன்று ஏரிக்குள் கக்கிக்கொண்டிருந்தது. கரியும் எண்ணெயும் கலந்த தண்ணீர், மேலே நுரை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். அந்தச் சேற்றில் முழங்கால் உயரத்துக்கு நின்றது கரிசலாங்கண்ணி. என் வாழ்நாளில் அவ்வளவு லட்சணமான செடியை நான் பார்த்ததில்லை. ரத்தச் சிவப்பில் தண்டு, சொரசொரவென்ற குறுகிய இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. பாடப் புத்தகத்தில் படம் போட வேண்டுமென்றால் அதைத்தான் போட வேண்டும். அங்கங்கே அரிவாளால் அறுத்த தடம் புதிதாக இருந்தது. பக்கத்திலேயே மினி வேனின் டயர்த் தடம்.

கோதண்டம் சார் ஒரு தண்டைக் கிள்ளி இடது உள்ளங்கையில் கசக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தது. வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்தவர் துடைக்காமல் அப்படியே நின்றார். கையை முகர்ந்து பார்த்தார். ஆட்டோவில் திரும்பும்போது அந்தக் கையை மடியில் மல்லாக்க வைத்தபடியே, எதையும் தொடாமல் வந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஜெயபாலின் மூட்டைகள் எங்கள் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. செடி அதுதானா என்று கேட்டோமே தவிர, அது எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேட்டதே இல்லை.

முதலாளி கேட்டது ஒரே கேள்விதான். "செடி அதுதானே கோதண்டம்?"

"செடி அதுதான் சார். அதனாலதான் பயமா இருக்கு."

ஏரிச் சரக்கு நின்றது. கன்னியம்மாவின் பாத்தி முருங்கை நிழலை விட்டு வெயிலுக்கு வந்தது. தண்ணீரைக் குறை, எருவை நிறுத்து, பூத்த பிறகு அறு, கொஞ்சம் விதைக்கு விடு என்று நானே போய்ச் சொன்னேன். "பூத்தா முத்திடுமே" என்று கடைசிவரை முணுமுணுத்தார். பக்கத்து வீடுகளிலும் பாத்தி போட வைத்து, மூட்டைக் கணக்கில் கொண்டு வந்தார். பாட்டிலில் மட்டும் அதே ஏரிப் படம்தான் இருந்தது. அதை மாற்றச் சொல்லிக் கோதண்டம் சார் ஓய்வு பெறும்வரை கேட்டார். நானும் கேட்டேன். படத்துக்கென்ன, அழகாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

கோதண்டம் சார் இப்போது இல்லை. கன்னியம்மா வீட்டை அவர் பிள்ளைகள் பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். போன பொங்கலுக்குப் போனபோது பாத்தி இருந்த இடத்தில் கார் நிறுத்தும் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கத்து வீடுகளும் அதே கதைதான். "கம்பெனிக்கு யாரு குடுக்கறா இப்போ?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார் கன்னியம்மா.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று ஹரிணிக்குப் போன் செய்தேன். மகிழ்ச்சி தாங்கவில்லை அவளுக்கு. "மேடம், அப்புறம் ஒரு சின்ன ஹெல்ப்" என்றாள். வந்ததா, என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக ஒருவர் சரக்குத் தருகிறாராம். இப்போதெல்லாம் கேட்டில் யாரும் கசக்கிப் பார்ப்பதில்லை, செடியைப் போனில் படம் எடுத்தால் போனே பெயரைச் சொல்லிவிடுகிறது. "சரியான செடிதான்னு ஆப் சொல்லிடுச்சு. ஆனா உங்கள மாதிரி அனுபவசாலி ஒருத்தர் ஓகேன்னு சொன்னா எம்.டி.க்குத் திருப்தி. ஒரு 'ஓகே' மட்டும் போட்டு விடுங்க மேடம்."

இன்று காலையில் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் தண்டு. குறுகிய இலை. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஆப் சொன்னது சரிதான். படத்தின் மூலையில், செடிக்குப் பின்னால், கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது.

"பின்னால் தெரிவது எந்தத் தண்ணீர்?" என்று எழுதி அனுப்பினேன். உடனே வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன, படித்துவிட்டாள். பதில் வரவில்லை. மத்தியானம் அதே கேள்வியை, மறந்துவிட்டவள் போல, இன்னொரு தரம் அனுப்பினேன். அதற்கும் நீலம் விழுந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நித்யா தன் மகளை முன்னால் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் கம்பெனி பாட்டில், அதில் அந்த ஏரி.

"அதைக் கொஞ்சம் குடும்மா" என்று வாங்கி மூடியைத் திருகினேன். "குழந்தைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திடு."

"என்ன ஆன்ட்டி, என்னாச்சு?"

"ஒரு பதில் வரணும். வர்ற வரைக்கும் இது வேண்டாம்."

அவள் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு இலை கேட்டு நான் தராதது நினைவுக்கு வந்ததோ என்னவோ, குழந்தையை எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.